தரையிலிருந்து பார்த்த வீடு

ஆறுமுகம் சார் வீட்டு வாசலில் நாங்கள் போய் நின்றபோது வெயில் தெருவின் பாதி வரைக்கும் வந்திருந்தது. தரகர் அண்ணாச்சி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முதலில் ஏறினார். அடுத்து என் அண்ணன் முத்தையா. நான் கீழ்ப்படியிலேயே நின்றுகொண்டேன்.

மூன்று வயசில் காய்ச்சலோடு வந்த போலியோவால் என் இடது காலில் தொடை வரைக்கும் இரும்புக் காலிப்பர் உண்டு. அது கீழே ஒரு கறுப்புத் தோல் பூட்ஸில் போய் முடியும். செருப்பு மாதிரி உதறிவிட்டுப் போக முடியாது. பூட்ஸைக் கழற்றினால் இரும்பையும் கழற்ற வேண்டும். இரும்பைக் கழற்றினால் நிற்க முடியாது.

சார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. வீட்டை விற்றுவிட்டுக் கோயமுத்தூரில் மகளோடு போய் இருக்கப் போகிறார் என்று தரகர் சொல்லியிருந்தார்.

"அப்படியே வாங்கம்மா, ஒண்ணும் பாதகமில்ல" என்றார் சார். சொல்லும்போதே அவர் பார்வை ஒரு தரம் தரைக்குப் போய்விட்டு வந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரை. பல வருஷம் கைப்படத் துடைத்துத் துடைத்து வழுவழுவென்று இருந்தது. அன்றைக்கும் துடைத்திருக்கிறார், மூலையில் ஈரம் இன்னும் காயவில்லை.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "நீ இங்கனயே நில்லு செண்பகம். நான் பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

இந்த வாக்கியத்தை நான் மூன்று வயசிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாபநாசம் அருவிக்குப் போனபோது கேட்டேன். சித்தி மகள் கல்யாணத்தில் மச்சில் சீர்வரிசை பரப்பியிருந்தபோது கேட்டேன். அண்ணன் பார்த்துவிட்டு வந்து ஒன்று விடாமல் சொல்வார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இது நான் குடியிருக்கப் போகிற வீடு.

படியிலேயே உட்கார்ந்து தொடைப்பட்டையின் பக்கிளை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

ஏழு வாடகை வீடுகள்

"ஆபீஸ் கதையாகவே எழுதுகிறீர்களே, கடைசியில் உங்களுக்கென்று ஒரு வீடு அமைந்ததா இல்லையா?" என்று தென்காசியிலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். அமைந்தது. அது அமைந்த விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நான் திருநெல்வேலி டவுனில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர். வேலைக்கு வந்து பன்னிரண்டு வருஷத்தில் ஏழு வாடகை வீடு மாறியிருந்தேன். ஒரு வீட்டுக்கார அம்மாள், என் இரும்பு பட்டுத் தரையில் கோடு விழுகிறது என்று சொல்லிக் காலி பண்ணச் சொன்னாள். இன்னொன்று வளவு வீடு. ஆறு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ், அதுவும் கடைசி மூலையில். காலையில் நான் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு பாதி தூரம் போவதற்குள் எதிர்வீட்டுக்காரர் வாளியோடு என்னைத் தாண்டி ஓடிவிடுவார். அவர் கெட்டவர் ஒன்றும் கிடையாது. அவருக்கும் அவசரம்.

அம்மா இருந்த வரைக்கும் என்னோடு இருந்தாள். அவள் போனபின் அண்ணன் பிடிவாதமாகிவிட்டார். அவருக்கு ஆழ்வார்குறிச்சியில் பம்புசெட் ரிப்பேர் கடை. மதினி, ரெண்டு பிள்ளைகள், சொந்த வீடு. "வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துரு. இல்லேன்னா அம்பாசமுத்திரத்துக்கு மாத்தல் வாங்கு. காலையில நான் கொண்டு விடுதேன், சாயங்காலம் கூட்டிட்டு வாரேன்" என்பார்.

மதினி நல்லவள். அங்கே போனால் எனக்கு ஒரு குறையும் இருக்காது. குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுப்பார்கள், சேலையைத் துவைத்துப் போடுவார்கள். நான் ஒரு டம்ளரை எடுக்கப் போனால் மூன்று பேர் எழுந்து ஓடி வருவார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு மூச்சு முட்டும்.

ஆபீஸில் வீட்டுக் கடனுக்கு மனுப் போட்டேன். அண்ணனிடம் சொன்னபோது, "பாக்கத்தானே செய்யணும், பாப்போம்" என்றார். பார்த்தால் எனக்கே பிடிக்காமல் போய்விடும் என்று நினைத்திருப்பார்.

தரை சொன்னது

காலிப்பரைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு, கையை ஊன்றி உட்கார்ந்தபடியே நகர்ந்து வீட்டுக்குள் போனேன். என் வீட்டில் நான் அப்படித்தான் புழங்குவேன். வெளியார் முன்னால் அது வரைக்கும் செய்ததில்லை.

"ஏட்டி, என்ன இது?" என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். தரகர் அண்ணாச்சி உத்திரத்தைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டார். சார் மட்டும் ஓரமாக நின்று, நான் போக வழி விட்டார்.

டவுன் வீடுகள் தெருவில் குறுகலாக ஆரம்பித்து ரயில் பெட்டி மாதிரி பின்னால் போய்க்கொண்டே இருக்கும். முதலில் தார்சா என்கிற முன்னறை, அடுத்து பட்டாசல் என்கிற பெரிய கூடம், ஓர் உள்ளறை, அடுக்களை, அதற்கும் பின்னால் திறந்த முற்றமும் கிணறும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிலைப்படி. நான் சாண் போட்டு அளந்தேன். மூன்று படிகள் ஒரு சாணுக்குள். உள்ளறைப் படி மட்டும் ஒரு சாணும் நாலு விரலும்.

அண்ணன் மேலே பார்த்துக்கொண்டு வந்தார். சுவரில் கை முட்டியால் தட்டினார். உத்திரத்தை எண்ணினார். "மரமெல்லாம் தேக்கு. நாம போனப்புறமும் நிக்கும்" என்றார், கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

நான் கீழே பார்த்துக்கொண்டு போனேன். பட்டாசலில் தரை குளுகுளுவென்று இருந்தது, மேலே கண்ணாடி ஓட்டிலிருந்து ஒரு முழம் வெளிச்சம் நடுவில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அங்கேயே ஒரு பாயைப் போட்டுப் படுத்துவிடலாம் போலிருந்தது. உள்ளறைக்கு வந்ததும் உள்ளங்கையில் ஒரு பிசுபிசுப்பு. முகர்ந்து பார்த்தேன், ஊறிய சுண்ணாம்பு வாசனை. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் வெள்ளை புதிதாக இருந்தது. அடுக்களை நிலையின் காலில் கொஞ்சம் சிமெண்டை அப்பிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினேன். உள்ளே கரையான் மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"சார், இது?" என்றேன்.

சார் பக்கத்தில் வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"அரிச்சிருக்கும்மா. அந்த நிலை பூராவும் மாத்தணும். போன மாசம் நாந்தான் பூசினேன்." உதிர்ந்த மண்ணை விரலால் ஒதுக்கிவிட்டு, "இதுவரைக்கும் எத்தனையோ பேர் வந்து பாத்தாச்சு. எல்லாரும் அண்ணாந்துதான் பாத்தாங்க" என்றார்.

தரகருக்கு வந்ததே கோபம். "நீங்க வியாபாரத்தைக் கெடுக்கியளே சார்!" என்றார். சார் அவரைக் கவனிக்கவேயில்லை. உள்ளறைச் சுவர் எந்தப் பக்கமிருந்து ஈரம் குடிக்கிறது என்று எனக்கு விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதே எனக்கு அந்த வீட்டின் மேல் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. கேட்டால் உண்மையைச் சொல்கிற மனுஷரிடம் வாங்கலாம்.

மீதிப் பாதிதான் பின்னால் இருந்தது. அடுக்களைப் பின்கதவைத் திறந்தால் மூன்று படி கீழே இறங்க வேண்டும். கிணற்றைத் தாண்டி, கல் பாவிய முற்றத்தின் கடைசியில் கக்கூஸ். கல்லில் பாசி பச்சையாகக் காய்ந்து கிடந்தது.

தெருவையும் பார்க்க வேண்டுமே

அடுத்த ஒரு வாரம் தினமும் ஆபீஸ் விட்டதும் தனியாக அந்தத் தெருவுக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டு வாசலுக்கு என் நடையில் நானூறு எட்டு. நடுவில் ஒரு பால் கடை, அதன் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். தெருவின் ஒரு பக்கம் வாறுகால் என்கிற சாக்கடை ஓடியது. மேலே கல் பலகைகள் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு பலகை மட்டும் மிதித்தால் ஆடியது. கட்டை அதில் படக் கூடாது என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் எப்படி என்று ஒரு நாள் நின்று பார்த்தேன். பிள்ளைகள் வெள்ளம் மாதிரி வந்தார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கால் மணி நேரத்தில் தெரு காலி. அந்தக் கால் மணி நேரத்தில் வெளியே வராமல் இருந்தால் போதும்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பக்கத்து வீட்டு வாசலில் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என்னைக் கூப்பிட்டாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாயில் நூல்.

"நானும் தினமும் பாக்குதேன். நீங்க வீடு பாக்கியளா, தெரு பாக்கியளா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

"அப்போ உக்காருங்க" என்று மிஷின் ஸ்டூலைத் தள்ளிவிட்டு அவள் கீழே உட்கார்ந்துகொண்டாள். பெயர் கோமதி. புருஷன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். இவள் தெருவுக்கெல்லாம் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். கோமதி அக்கா என்று அன்றைக்குக் கூப்பிட ஆரம்பித்தது, இன்று வரை அப்படித்தான்.

சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டாள். "வாங்கினா கிணத்தை மூடிருவியளோ?"

அப்புறம்தான் விளங்கியது. சார் வீட்டு முற்றத்தில் நான் பார்த்தது பாதிக் கிணறு. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் கிணற்றின் குறுக்கே போகிறது. அந்தப் பக்கம் அவர்கள் இறைக்கிறார்கள், இந்தப் பக்கம் சார் இறைக்கிறார். முன்பு பார்க்க வந்த ஒருவர், மூடிவிட்டு மோட்டார் போடப் போவதாகச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் கோமதி அக்கா கவனித்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் ஏன் மூடுதேன்? எனக்கும் தண்ணி வேணுமே" என்றேன்.

அவள் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "சார்வாள் தங்கமான மனுஷன். ஆனா இதை அவர் சொல்லியிருக்க மாட்டாரு. ஆத்துல வெள்ளம் வந்து ஜங்ஷனே முங்குன வருஷங்கூட இங்கன ஒரு சொட்டு ஏறல. அதெல்லாம் பயப்பட வேண்டாம். அடைமழை பெஞ்சாத்தான், பின்னால வாறுகால் எதுக்களிச்சு முற்றத்துக்கு வரும். கணுக்கால் அளவு. மழை விட்டா வடிஞ்சிரும். நீங்க மழையில ஒருநாள் வந்து பாருங்க."

கக்கூஸ் பரீட்சை

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ரெயின்கோட்டோடு சார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் திகைத்துப் போனார்.

"சார், தப்பா நினைக்கக் கூடாது. உங்க கக்கூஸை நான் ஒருதடவை உபயோகிச்சுப் பாக்கணும். இந்த மழையில."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "பாக்கத்தான் வேணும்" என்றார். ஒரு குடையை எடுத்துக் கொடுத்தார். நேராகத் தார்சாவுக்குப் போய் ரேடியோவை வைத்து, சத்தத்தை நன்றாகக் கூட்டிவிட்டார். அந்த மனுஷருடைய நாகரிகத்தை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

ஒரு கையில் கட்டை, இன்னொரு கையால் சுவரைப் பிடிக்க வேண்டும், குடை எங்கே பிடிப்பது? அதைக் கதவோரம் வைத்துவிட்டு இறங்கினேன். மூன்று படியும் இறங்கவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று. முற்றத்தின் கடைசியில் தண்ணீர் நின்றது, அக்கா சொன்ன மாதிரி கணுக்கால் அளவு. பூட்ஸுக்குள் போய்விட்டது. கக்கூஸ் உள்ளே குறுகல், ஆனால் குறுகலாக இருந்ததே எனக்குச் சௌகரியம். இரண்டு பக்கச் சுவரையும் பிடித்துக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம்.

திரும்பும்போது கிணற்றடியில் வழுக்கிவிட்டது.

எப்படி விழுந்தேன் என்று தெரியாது. கட்டை ஒரு பக்கம் போய்விட்டது. முழங்கை எரிந்தது. மழை முகத்தில் அடிக்கிறது, உள்ளே ரேடியோவில் யாரோ விவசாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கூப்பிட்டால் சாருக்குக் கேட்காது.

சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டினச் சத்தம் நின்றது.

"யாரது? விழுந்தது யாரு?"

"நாந்தான்க்கா" என்றேன்.

வாளி தொப்பென்று கிணற்றில் விழுந்தது. அக்கா தெருவழியாக ஓடி, சார் வீட்டுக்குள் புகுந்து, தலைமுடி எல்லாம் நனைந்து பின்கதவுக்கு வந்து நின்றாள். மூன்று படியையும் ஒரே எட்டில் இறங்கி என் பக்கத்தில் வந்தவள், என்னைத் தொடவில்லை.

"எப்படித் தூக்கணும்னு சொல்லுங்க. நான் அது மாதிரி செய்யுதேன்."

நான் அதுவரை எத்தனையோ இடத்தில் விழுந்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில், கோயிலில், ஆபீஸ் வராந்தாவில். விழுந்த மறு நிமிஷம் நாலு பேர் வந்து ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து மூட்டை மாதிரித் தூக்கி நிறுத்துவார்கள். அக்குள் வலிக்கும், சேலை விலகும், இரும்பு எங்காவது கடிக்கும். உதவி செய்கிறவர்களிடம் கோபப்படவும் முடியாது. என்னைக் கேட்டுவிட்டுத் தூக்க வந்த முதல் ஆள் கோமதி அக்கா.

"தூக்க வேண்டாம்க்கா. கட்டையை எடுத்துப் படியில வச்சிருங்க. நான் அதுவரைக்கும் நகந்து வந்திருதேன்."

அவள் கட்டையை எடுத்து வைத்தாள். பிறகு அந்தக் குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, நான் நகர நகர அவளும் பைய நகர்ந்து வந்தாள். இரண்டு பேரும் ஏற்கனவே தெப்பலாக நனைந்தாயிற்று. அதில் குடை எதற்கு என்று பாதி வழியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

அவள் வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, சார் போட்ட காபியைக் குடித்துக்கொண்டு, மூன்று பேரும் அடுக்களையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முற்றத்தை அடுக்களைத் தரை மட்டத்துக்கு மண்ணடித்து உயர்த்திவிட்டால் படியும் இல்லை, தண்ணீரும் ஏறாது. கக்கூஸ் வரைக்கும் மேலே ஓடு போடலாம். பிடித்துக்கொண்டு போகப் பொதுச்சுவரில் கம்பி பதிக்கலாம்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். கம்பியைப் பதிச்சுக்கோங்க. கிணத்தை மட்டும் விட்டுருங்க" என்றாள் அக்கா.

சார் ஒரு பழைய நோட்டை எடுத்து அதையெல்லாம் படமாகவே வரைந்து கொடுத்துவிட்டார். அவர் விற்கப் போகிற வீட்டுக்கு!

விற்பதற்கில்லை

விழுந்த செய்தி தரகர் மூலமாக ஆழ்வார்குறிச்சிக்குப் போய்விட்டது. அண்ணன் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். என் முழங்கையில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விழுந்த வீட்டையா வாங்குவாங்க? இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

"நான் விழாத இடம் எது இருக்கு அண்ணே? நம்ம வீட்டுலயும் விழுந்திருக்கேன்."

அவர் சாப்பிடாமலே போய்விட்டார்.

பத்து நாள் கழித்து முன்பணம் கொடுப்பது பற்றிப் பேசச் சாரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "மக இப்போ விக்க வேண்டாம்னு சொல்லுதாம்மா. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. காதுமடல் சிவந்துவிட்டது.

வெளியே வந்தபோது கோமதி அக்கா மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "முந்தாநாள் உங்க அண்ணாச்சி வந்திருந்தாரு. கிணத்தடியில நின்னு சார்கிட்ட பேசுனாரு. எனக்குச் சுவருக்கு இங்கிட்டு கேட்டுது. யாருக்கு வேணாலும் குடுங்க, என் தங்கச்சிக்கு மட்டும் குடுக்காதீங்கன்னு." தைத்த துணியை மடித்துக்கொண்டே, "அழுதாரு" என்று சேர்த்தாள்.

வாய்க்கால்

மறுநாளே ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். வழியெல்லாம் வயல் நிறையத் தண்ணீர், நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றையும் ரசிக்கிற நிலையில் இல்லை. அண்ணனை என்னென்ன கேட்க வேண்டுமென்று வாக்கியம் வாக்கியமாக மனசில் டைப் அடித்துக்கொண்டே போனேன்.

கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன் அப்படிச் செஞ்சிய?" என்று மட்டும்தான் என்னால் கேட்க முடிந்தது.

"ராத்திரி நீ விழுந்து கிடந்தா யாரு பாப்பா?"

"பக்கத்துல ஆள் இருக்கு. கூப்பிட்டா வருவாங்க. இல்லேன்னா நானே எந்திரிச்சுக்கிடுவேன். அது என் பாடு. நீங்க எதுக்கு இவ்வளவு பயப்படுதிய?"

அவர் ஒரு பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்லா? அதுக்கு ரெண்டு நாள் முந்தி அம்மா நடவுக்குப் போயிருந்தா. ஒன்னை என்கிட்ட விட்டுட்டுப் போனா, வெளிய எங்கயும் கொண்டு போகாதேன்னு. நான் வாய்க்காலுக்குத் தூக்கிட்டுப் போனேன். நீ தண்ணியை விட்டு வரமாட்டேன்னு சளப்புசளப்புன்னு அடிச்சு விளையாடுனே. வாயெல்லாம் தண்ணி. நானும் விட்டுட்டேன்."

எனக்கு அப்போது மூன்று வயசு. அவருக்கு ஒன்பது.

"டாக்டரு தண்ணியில இருந்து வரும்னு அம்மாகிட்ட சொன்னாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். அம்மாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லல."

முப்பத்திரண்டு வருஷம். என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டு போனது, சைக்கிள் கேரியரில் தலையணை கட்டி உட்கார வைத்தது, ஒவ்வொரு வாடகை வீட்டுக்கும் வேன் பிடித்துச் சாமான் ஏற்றி வந்தது. பாசம் என்றுதான் நினைத்திருந்தேன். பாசந்தான். அதற்கு அடியில் இது இருந்திருக்கிறது.

பஸ்ஸில் நான் அடுக்கி வைத்த ஒரு வாக்கியமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அண்ணே, அந்த வாய்க்கால்ல ஊரே குளிச்சுது. நீங்களும்தானே குளிச்சிய?" என்றேன். "எனக்கு வந்துச்சு. அவ்வளவுதான். அதுக்கு ஒன்பது வயசுப் பையனைப் பிடிச்சு இத்தனை வருஷம் ஜெயில்ல போட்டுட்டியளே."

அண்ணன் அந்த மோட்டாரின் மேல் கையை வைத்துக் குனிந்து நின்றார். கடைக்கு எதிரே ஒரு டிராக்டர் போனது. மதினி வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இலையைப் போட்டாள். அண்ணன் என் இலையில் அவர் கையால் சோறு வைத்தார்.

வீட்டைப் பற்றி அன்றைக்கு ஒரு பேச்சும் பேசவில்லை. பஸ் ஏற்றிவிடும்போதும் பேசவில்லை.

அடுத்த வாரம் ஆறுமுகம் சார் என் ஆபீஸுக்கே வந்தார். கையில் பத்திர நகல். "உங்க அண்ணன் போன் பண்ணினார்ம்மா. மக சம்மதிச்சுட்டா" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

மாடிப்படி

பத்திரப்பதிவு ஆபீஸ் மாடியில் இருந்தது. இருபத்தோரு படி. பிடிமானம் ஒரு பக்கந்தான், அதுவும் என் கட்டை இருக்கிற பக்கம்.

காலையிலேயே போய்விட்டோம். சார், தரகர் அண்ணாச்சி, சாட்சிக் கையெழுத்துப் போட வந்த கோமதி அக்கா. இன்னொரு சாட்சிக்குத் தரகர் ஆள் ஏற்பாடு செய்திருந்தார். படிக்கட்டின் அடியில் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, பின்னால் அண்ணன் வந்து நின்றார். சலவை வேட்டி, சட்டை. நான் வரச் சொல்லவில்லை.

அவர் கை என் தோள் பக்கம் வந்தது, பாதியில் நின்றது. "பையைக் குடு" என்றார். கைப்பையைக் கொடுத்தேன்.

படியில் பின்பக்கமாக உட்கார்ந்து, கையை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினேன். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஒரு ஆள், "ஏ அண்ணாச்சி, அந்த அம்மாவைத் தூக்கிவிட வேண்டியதுதானவே?" என்று அண்ணனிடம் சத்தம் போட்டார்.

"அவ ஏறிருவா" என்றார் அண்ணன்.

நான் நின்ற படியில் அவரும் நின்றார். நான் ஏறியபோது அவரும் ஏறினார். சார் மூட்டுவலிக்காரர், அவரும் எங்களோடு உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தார்.

மேலே குமாஸ்தா, "சாட்சி யாரு யாரு?" என்று கேட்டார். கோமதி அக்கா முன்னால் போனாள். தரகர் அவர் கொண்டு வந்த ஆளைத் தேடித் திரும்பினார். அதற்குள் அண்ணன் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்று, "இன்னொண்ணு நான்" என்றார். கையெழுத்தை நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரிப் போட்டார்.

சாயங்காலம் அவரைப் பஸ் ஏற்றிவிட நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எங்கள் வழக்கத்தில் அதுவே புதுசு. எப்போதும் அவர்தான் என்னை ஏற்றிவிடுவார். அம்பாசமுத்திரம் பஸ் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தவர், வண்டி கிளம்புகிற நேரத்தில் தலையை வெளியே நீட்டினார். ஏதோ கேட்க வந்து, தயங்கி, பிறகு கேட்டார்.

"வீட்டுக்கு நான் எப்போ வரட்டும்?"

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"ஞாயித்துக்கிழமை வாங்க" என்றேன். "மதினியையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."